பல் பிடுங்கிய பின்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. ஆயினும், பல் போகின்றதே என்னும் கவலையைக் காட்டிலும், பல்லைப் பிடுங்கிய பின் வருகின்ற நோவும் வீக்கமுமே மக்களைப் பெரிதும் அச்சுறுத்துகின்றன. ஊசி ஏற்றும்போது ஒரு கணம் நோகும். பிடுங்கும்போது, விறைத்த வாய்க்குள் ஏதோ அசைவது மட்டும் தெரியும். அத்துடன் வைத்தியரின் வேலை முடிந்துவிடுகிறது. வீடு திரும்பி, விறைப்பும் நீங்கிய பின்னரே நோயாளியின் சோதனை தொடங்குகிறது.

ஹட்டனுக்கு அப்பால், மலைச்சரிவில் அமைந்த ஒரு தேயிலைத் தோட்டத்தை மனக்கண்ணால் காணலாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, பல நாளாக உறக்கத்தைக் கெடுத்துவந்த கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒரு சனிக்கிழமை காலையில் வைத்தியசாலைக்குச் சென்று பிடுங்கிக்கொள்கிறாள். மறுநாள் ஞாயிறு, வேலை இல்லை. திங்கட்கிழமை பிரட்டுக்குப் போய்விடலாம் என்பது அவள் போட்ட கணக்கு. ஆனால், திங்கட்கிழமை விடியும்போது கன்னம் வீங்கிக் கிடக்கிறது; வாயை அகலத் திறக்க முடியவில்லை. லயத்தில் உள்ளவர்கள் கூடிவிடுகிறார்கள். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வைக்குக் கேடு என்று முன்பே சொன்னதாக ஒருத்தி கூறுகிறாள். தவிட்டை வறுத்துச் சூட்டு ஒத்தடம் கொடுக்கவேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. புகையிலைத் துண்டைக் குழியில் வைத்து அடக்கினால் நோவு பறந்துவிடும் என்பது மூன்றாவது யோசனை. வைத்தியர் ஏதோ பிழை செய்துவிட்டார் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

உண்மை என்ன? அந்தத் திங்கட்கிழமை வீக்கத்தில் பெரும்பாலும் பிழை எதுவும் இல்லை. அது வரவேண்டிய நாளில் வந்த வீக்கம். பல் பிடுங்கிய பின் வருகின்ற நோவுக்கும் வீக்கத்துக்கும் ஒரு நாட்கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அறிந்தவர்கள் வீணாக அஞ்சமாட்டார்கள். அஞ்சவேண்டிய வேளையில் அசட்டையாக இருக்கவும் மாட்டார்கள்.

பல் என்பது தாடை எலும்பில் அடித்து இறுக்கிய ஆணி போன்றதன்று. பல்லின் வேரைச் சுற்றி நுண்ணிய நார்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, அதை எலும்புக் குழியோடு பிணைத்திருக்கின்றன. பல்லை அசைத்து எடுக்கும்போது இந்த நார்கள் அறுகின்றன. அவற்றோடு சிறு இரத்தக் குழாய்களும் அறுகின்றன. குழியில் இரத்தம் நிறைந்து, சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகிறது. செந்நிறமான இந்த இரத்தக் கட்டியைச் சிலர் அழுக்கு என்று எண்ணிக் கொப்பளித்துத் துப்பிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. அந்தக் கட்டியே குழிக்கு மூடி. கீழேயுள்ள எலும்புக்குப் போர்வை. புதிய தசை வளர்வதற்கு அதுவே நாற்றுமேடை.

வீக்கம் எங்கிருந்து வருகிறது? உடம்பில் எங்கே காயம்பட்டாலும், அந்த இடத்துக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. அவற்றின் சுவர் வழியாக நீரும் வெள்ளணுக்களும் கசிந்து வெளியேறிக் காயத்தைச் சூழ்கின்றன. கிருமிகளைத் தடுப்பதும், சிதைந்தவற்றை அகற்றுவதும், புதியதைக் கட்டுவதும் அவற்றின் வேலை. பிரட்டுக் கூப்பிட்டவுடன் மலைக்கு ஆட்கள் திரள்வதுபோல இவை திரள்கின்றன. அவ்வாறு திரண்டதன் வெளித்தோற்றமே வீக்கம். இத்திரட்சி ஒரே மணி நேரத்தில் முடிவதன்று. முதல் நாளிலே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்குகிறது. ஒரு வாரமளவில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. சனிக்கிழமை பிடுங்கிய பல்லுக்குத் திங்கட்கிழமை கன்னம் வீங்குவது இக்கணக்கின்படியே ஆகும். சிலருக்குக் கன்னத்திலும் தாடையிலும் நீலமும் மஞ்சளுமாகக் கன்றல் நிறம் தோன்றி, ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். அதுவும் அஞ்சத்தக்கதன்று.

நோவின் கணக்கு சற்று வேறானது. விறைப்பு மருந்து சில மணி நேரத்தில் நீங்கியதும் நோவு எழுகிறது. பெரும்பாலோருக்கு முதல் நாளே நோவு மிகுந்த நாள். அதன் பின்னர் நாளுக்கு நாள் குறைந்துவரவேண்டும். ஆகவே வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் இரண்டாம் நாளிலேயே நோவு இறங்கத் தொடங்குவது இயல்பு. மலைப்பாதையில் செல்பவன், தான் ஏறுகிறானா இறங்குகிறானா என்பதைக் கால்களால் அறிவதுபோல, நோயாளியும் தன் நோவு ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதைக் கவனித்தல் வேண்டும். இறங்குகின்ற நோவு ஆறுதலின் அறிகுறி. மூன்றாம் நாளுக்குப் பின்னும் ஏறுகின்ற நோவு எச்சரிக்கை. இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி வைத்தியம் தெரிந்தவாறாகும்.

எல்லாப் பல்லும் ஒரே அளவில் வீங்குவதில்லை. ஈறு நோயினால் ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல், அதிக வருத்தமின்றி வந்துவிடும். வீக்கமும் சிறிதாகவே இருக்கும். சூத்தை விழுந்து, தலை உடைந்து, வேர் மட்டும் எலும்பில் ஊன்றி நிற்கும் பல்லை எடுப்பதற்குச் சில வேளை ஈற்றைக் கீறி எலும்பையும் சிறிது அகற்றவேண்டியிருக்கும். முளைக்க இடமின்றிக் கிடந்த ஞானப்பல்லும் அத்தகையதே. அங்கே வீக்கம் பெரிதாகவும், வாய் திறக்கும்போது தாடை இறுக்கமாகவும் இருக்கும். வேலை எவ்வளவு கடினமாக இருந்ததோ, வீக்கமும் அவ்வளவுக்கு இருக்கும் என்று கொள்ளலாம்.

மலைநாட்டுத் தோட்டங்களில் பல் இழப்பு எவ்வாறு நேர்கிறது என்பது உலகப் பல் மருத்துவ வரலாற்றிலேயே பதிவான செய்தியாகும். நோர்வே நாட்டைச் சேர்ந்த பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய துணைவர்களும், 1970ஆம் ஆண்டிலே இலங்கையின் மத்திய மலைநாட்டில், டன்சினன், ஹரோ என்னும் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பதினான்கு வயது முதல் முப்பத்தொரு வயதுக்குள் அடங்கிய அத்தொழிலாளர்கள், பல் வைத்தியம் என்பதையே அறியாதவர்கள். தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமும் அவர்களிடையே இருக்கவில்லை. அவர்களை 1985 வரை பதினைந்து ஆண்டுகள் இடையிடையே பரிசோதித்து, கண்டவற்றை 1986இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஈறு நோய் விரைந்து முற்றிப் பற்களைப் பறித்தது. நூற்றுக்கு எண்பத்தொரு பேருக்கு அது மெல்ல முற்றியது. பதினொரு பேருக்கோ ஈறு வீங்கியதோடு நின்றது. சூத்தைப் பல் அவர்களிடம் மிக அரிதாகவே காணப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், அவர்களுள் 75 பேரை மீண்டும் தேடிக் கண்டு பரிசோதித்தார்கள்.

வைத்தியம் எட்டாத இடத்தில் ஈறு நோய் தன் போக்கில் என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்துகொண்டது இத்தொழிலாளர்களின் வாயிலிருந்தே. இன்றும் பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்கள் இக்கணக்கைப் படிக்கிறார்கள். அந்த அறிவின் பயன் முதலில் வந்துசேரவேண்டிய இடம் தோட்டத்து லயங்களே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இனிப்பும் மாப்பண்டங்களும் மலிந்த இக்காலத்தில் ஈறு நோயோடு சூத்தையும் சேர்ந்துகொண்டது. ஆட்டம் கண்ட பல்லும் பிடுங்கப்படுகிறது. வேரோடு நிற்கும் சூத்தைப் பல்லும் பிடுங்கப்படுகிறது. ஆகவே, பிடுங்கிய பின் வாயைப் பேணும் முறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

முதல் நாளை எடுத்துக்கொண்டால், வைத்தியர் குழியின்மேல் வைத்த துணிச் சுருளை அரைமணி நேரம் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கவேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. பார்க்கும்போதெல்லாம் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். அன்றைய பகலும் இரவும் உமிழ்நீரில் சிறிது செந்நிறம் கலந்திருப்பது இயல்பு. ஒரு துளி இரத்தம் ஒரு வாய் உமிழ்நீரைச் சிவக்கச் செய்துவிடும். அதைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. வாய் நிறையப் புது இரத்தம் ஊறுமாயின், தலையை உயர்த்தி உட்கார்ந்து, சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, மடித்துக் குழியின்மேல் வைத்து, இருபது முப்பது நிமிடம் இடைவிடாது கடித்தல் வேண்டும். அவ்வாறு இருமுறை செய்தும் நில்லாவிட்டால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இங்கே தேயிலையே ஒரு துணையாவது வியப்புக்குரியது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் புரதங்களைச் சுருங்கிக் கட்டுறச் செய்யும் இயல்புடையது. அதனால், தேயிலைப் பை ஒன்றை வெந்நீரில் நனைத்து ஆறவிட்டுக் கடித்துக்கொண்டிருந்தால் கசியும் இரத்தம் நிற்க உதவும் என்று பல் வைத்தியர்கள் கூறுவதுண்டு. ஆனால் தூளைக் குழிக்குள் தூவுவது கூடாது. தூளானாலும், கோப்பித்தூளானாலும், சாம்பலானாலும் குழிக்குள் சென்றால் ஆறுதலைக் கெடுக்குமேயன்றி வேறு பயன் தராது.

முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் கொப்பளித்தலும், பலமாகத் துப்புதலும், குழல் வைத்து உறிஞ்சுதலும் ஆகா. இவை மூன்றும் இரத்தக் கட்டியை இழுத்து வெளியேற்றிவிடும். சுருட்டும் பீடியும் சிகரெட்டும் இரண்டு வழியிலே கேடு செய்கின்றன: உறிஞ்சும் இழுப்பு கட்டியைப் பெயர்க்கிறது, புகையிலையின் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆறவேண்டிய இடத்துக்கு இரத்தம் வராமல் தடுக்கிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த தாம்பூலமோ, குழிக்குள் தூளாகச் சென்று அடைந்து, சுண்ணாம்பின் காரத்தால் புதிய தசையையும் சுடுகிறது. நோவை அடக்க வைக்கப்படும் புகையிலைத் துண்டு சற்று மரக்கச் செய்வதுபோல் தோன்றினாலும், பின்னர் அதைவிடக் கொடிய நோவுக்கு வித்திடுகிறது. சாராயத்தால் வாயைக் கழுவுவதும் அவ்வாறே.

விறைப்பு நீங்கும்வரை உணவு உண்ணாதிருத்தல் நல்லது; உணர்ச்சியற்ற உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது எளிது. குழந்தைகள் விளையாட்டாகவே உதட்டைக் கடித்துவிடுவார்கள். அவர்களை அருகிலிருந்து கவனிக்கவேண்டும். பின்னர் ஆறிய கஞ்சி, பால், குழைந்த சோறு, மசித்த பருப்பு ஆகியவற்றை மறுபக்கத்தால் உண்ணலாம். கொதிக்கும் தேநீர் அன்றைக்கு வேண்டாம். வெதுவெதுப்பாக ஆறவைத்துக் குடிக்கலாம். கடினமான ரொட்டியும், காரமான சம்பலும் சில நாள் காத்திருக்கட்டும்.

குளிர் மிகுந்த நுவரெலியாப் பக்கத்தில், கன்னத்துக்குக் குளிர் ஒத்தடம் கொடு என்றால் பலர் திகைப்பர். ஆயினும் முதல் நாளில் பயன் தருவது குளிர் ஒத்தடமே. குளிர்ந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, வெளிக்கன்னத்தில் கால் மணி நேரம் வைத்து, சிறிது நேரம் எடுத்துவிட்டு மீண்டும் வைக்கலாம். விரிந்த இரத்தக் குழாய்கள் அதனால் சுருங்கும், கசிவு குறையும். பனிக்கட்டி கிடைத்தால் அதைத் துணியில் சுற்றியே வைக்கவேண்டும். தோலில் நேரே வைத்தல் ஆகாது. சூட்டு ஒத்தடம் முதல் நாளில் இரத்தக் குழாய்களை இன்னும் விரித்து வீக்கத்தையும் இரத்தப் போக்கையும் மிகுவிக்கும். இரண்டு நாள் கழிந்த பின், தாடை இறுக்கத்தைத் தளர்த்த மிதமான சூட்டு ஒத்தடம் உதவலாம். ஆகவே தவிட்டு ஒத்தடம் சொன்ன அயலாளின் யோசனை முழுவதும் பிழையன்று, நாள்தான் முந்திவிட்டது. இரவில் தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தல் வீக்கத்தைக் குறைக்கும்.

இரண்டாம் நாள் முதல் உப்புநீர் கொப்பளிப்புத் தொடங்கலாம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். உணவு உண்ட பின் ஒவ்வொரு முறையும் அதை வாயில் எடுத்து, தலையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் குழியைக் கழுவி, பலமின்றி வெளியே விடவேண்டும். மற்றைப் பற்களை வழக்கம்போல் துலக்கலாம், துலக்கத்தான் வேண்டும். குழியின் பக்கம் மட்டும் எச்சரிக்கையாகத் தூரிகையைச் செலுத்துதல் நன்று.

நோவுக்கு மருந்து யாது? பெரியவர்களுக்குப் பரசிட்டமோல் பெரும்பாலும் ஏற்றது. 500 மில்லிகிராம் வில்லை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளில் எட்டு வில்லைக்கு மேற்படலாகாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும், ஈரல் நோயுள்ளவர்களும், நாள்தோறும் மது அருந்துபவர்களும் அளவை வைத்தியரிடம் கேட்டறிந்தே உட்கொள்ளவேண்டும். தோட்டத்துப் பெண்களிற் பலர் மெலிந்த உடலினர் ஆதலின் இது மறக்கத்தக்கதன்று. ஐபுபுரோபன் என்னும் மருந்து நோவோடு வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஈளை நோய் உள்ளவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் அது ஆகாது. அஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், பல் நோவுக்கென்று அதை எடுத்தல் தகாது. இதய நோய்க்காக வைத்தியர் முன்பே கொடுத்த அஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் தகாது. அஸ்பிரின் வகை மருந்துகள், காயம்பட்ட இடத்தில் நோவையும் வீக்கத்தையும் தூண்டுகின்ற புரஸ்டகிளாண்டின் என்னும் பொருள்களை உடம்பு ஆக்காமல் தடுக்கின்றன என்பதை 1971இல் இங்கிலாந்து அறிஞர் ஜோன் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். எப்படியாயினும் வில்லையை விழுங்கவேண்டுமேயன்றி, பொடித்துக் குழியில் வைக்கலாகாது. அது ஈற்றைச் சுட்டுப் புண்ணாக்கும்.

கண் பார்வை கெடும் என்ற அச்சத்துக்கு இனி விடை காணலாம். பல்லுக்குச் செல்லும் நரம்பும் கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் ஒரே பெரு நரம்பின் கிளைகள் என்பது மெய். அதனாலேயே மேற்பல் நோகும்போது கண்ணும் நோவதுபோல் தோன்றுகிறது. ஆனால் பார்க்கும் ஆற்றலைத் தரும் நரம்பு முற்றிலும் வேறு. அது கண்ணிலிருந்து நேரே மூளைக்குச் செல்வது. பல்லைப் பிடுங்குவதால் பார்வை மங்குவதில்லை. இந்த அச்சத்தால் சீழ் பிடித்த மேற்பல்லை வைத்துக்கொண்டிருப்பதே, கிருமி மேலே பரவ இடங்கொடுத்து, கண்ணுக்கும் கேடு சூழக்கூடியது.

இனி, அஞ்சவேண்டிய அறிகுறிகள். முதலாவது, உலர்ந்த குழி எனப்படும் நிலை. இரத்தக் கட்டி கழன்றுபோய், எலும்பு வெறுமையாகக் காற்றுக்கும் உமிழ்நீருக்கும் ஆளாகிவிடுகிறது. அமெரிக்கப் பல் வைத்தியர் குரோபோர்ட் 1896இல் இதை விவரித்து, இன்றும் வழங்குகின்ற அப்பெயரைச் சூட்டினார். குறைந்துகொண்டுவந்த நோவு, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திடீரென மூண்டு, காதுவரை குத்தி இழுக்கும். வாயில் தீய நாற்றமும் சுவையும் இருக்கும். வீக்கம் அதிகம் இராது. கீழ்க் கடைவாய்ப் பற்களிலும், புகைபிடிப்பவர்களிடத்திலும் இது மிகுதி. இது உயிருக்கு ஆபத்தன்று. ஆனால் வீட்டில் பொறுத்துக் கிடக்கவேண்டியதுமன்று. பல் வைத்தியர் குழியைக் கழுவி, மருந்துத் துணியை வைத்தவுடன் நோவு பெரிதும் தணியும். அம்மருந்தில் அடிக்கடி சேர்வது கராம்பிலிருந்து எடுத்த சத்தே. அதற்காக வீட்டிலேயே கராம்புத் தைலத்தைக் குழியில் ஊற்றுதல் கூடாது. கலவாத தைலம் தசையைச் சுடும்.

இரண்டாவது, கிருமி பரவுதல். மூன்றாம் நாளுக்குப் பின்னும் வீக்கம் ஏறிக்கொண்டு போதல், காய்ச்சல், நடுக்கம், குழியில் சீழ், இரண்டு விரல் நுழையும் அளவுக்கும் வாய் திறவாமை ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வைத்தியரைக் காணவேண்டும். தாடைக்குக் கீழும் கழுத்திலும் வீக்கம் கல்லைப்போல் இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, உமிழ்நீரை விழுங்கவோ மூச்சு விடவோ இடர்ப்பட்டால், அது ஒரு மணி நேரமும் தாமதிக்கத் தகாத நிலை. 1836இல் ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் விவரித்த இந்நோய், கிருமிகொல்லி மருந்துகள் தோன்றாத காலத்தில் தன்னால் பீடிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இன்று உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். உரிய நேரம் என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மலைநாட்டில் அந்த நேரம் எளிதில் கிடைப்பதில்லை. மேற்பிரிவு லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்குவதற்கே நெடுநேரம் ஆகும். இரவில் வாகனம் அரிது. ஆகையால், இருட்டிய பின் முற்றக்கூடிய நோயைப் பகலிலேயே கண்டுகொள்ளுதல் வேண்டும். மாலையில் வீக்கம் காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்து, அன்று மூன்றாம் நாளும் கடந்திருக்குமாயின், விடியட்டும் என்று காத்திராமல் புறப்படுவதே அறிவு. கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை 1990 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் அரசாங்கத்தின் இலவச வைத்தியம் உண்டு. மேலும் கடினமான நோய்களுக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

வேறு சிலவும் கவனிக்கத்தக்கன. மேற் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பின், குடிக்கும் நீர் மூக்கின் வழியே வருமாயின், குழிக்கும் மூக்கின் பக்கத்து எலும்பறைக்கும் இடையே வழி திறந்துவிட்டது என்று அறியலாம். மூக்கைப் பலமாகச் சிந்தாமல் வைத்தியரிடம் திரும்பிச் செல்லவேண்டும். கீழ் உதட்டில் மரப்பு மறுநாளும் நீங்காவிட்டால் அதையும் சொல்லவேண்டும். மூன்று வாரம் கழிந்தும் ஆறாத குழியையோ, வாயில் எங்கேனும் ஆறாத புண்ணையோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையோ அசட்டை செய்தல் கூடாது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவன என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. நெடுங்காலம் தாம்பூலம் தரித்தவர்களின் ஆறாத குழி, பல்லினால் வந்ததாயிராமல் புற்றுநோயின் முதல் தோற்றமாக இருக்கவும் கூடும்.

பிடுங்குவதற்கு முன்னரே சொல்லவேண்டியவற்றைச் சொல்லிவிட்டால் பின்வரும் துன்பங்களிற் பல குறையும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய வால்வு நோய், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, தாடையில் கதிர்ச் சிகிச்சை, எலும்பு நோய்க்கான மருந்து, கர்ப்பம், பெனிசிலின் ஒவ்வாமை ஆகிய யாவற்றையும் வைத்தியர் கேளாவிடினும் கூறுதல் நோயாளியின் கடமை. கிருமிகொல்லி மருந்து எல்லோருக்கும் வேண்டியதன்று. கொடுத்தால், சொன்ன அளவிலும் சொன்ன நாள்வரையும் எடுக்கவேண்டும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய வில்லைகளை வாங்கி விழுங்குதல் தீங்கு.

கடைசியாக, ஓய்வைப்பற்றி ஒரு சொல். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து மலையேறும்போது தலைக்கு இரத்தம் பாய்ந்து, உறைந்த கட்டி பெயரக்கூடும். பிடுங்கிய நாளும் மறுநாளும் பாரம் தூக்காதிருத்தல் வேண்டும். எலும்பை வெட்டி எடுத்த பல்லாயின் இன்னும் ஓரிரு நாள் வேண்டும். பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பது தொழிலாளியின் வீட்டில் சிறிய செய்தியன்று. ஒரு பேரைக் காப்பாற்ற மலைக்குப் போய், உலர்ந்த குழியோடு ஒரு வாரப் பேரை இழப்பதும் அங்கே நடப்பதே. வைத்தியரிடம் ஓய்வுக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். அச்சான்றிதழை மதித்து, சில நாளுக்கு இலகுவான வேலையைக் கொடுப்பது தோட்டத்தை நடத்துவோரின் கடமையுமாகும், அவர்களுக்கு நன்மையுமாகும்.

அந்தத் திங்கட்கிழமைப் பெண்ணிடம் மீண்டும் செல்லலாம். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, விழுங்க முடிகிறது, நேற்றைவிட நோவு குறைந்திருக்கிறது, கன்னம் மட்டும் பெருத்திருக்கிறது. அவள் செய்யவேண்டியது என்ன? உப்புநீர், கஞ்சி, அளவான வில்லை, இன்னும் ஒரு நாள் ஓய்வு. புதன்கிழமை வீக்கம் இறங்கத் தொடங்கும். வார இறுதியில் கன்னம் பழைய நிலைக்கு வரும். மூன்று நான்கு வாரத்தில் ஈறு மூடும். சில மாதங்களில் குழியில் புதிய எலும்பு நிறையும். புதன்கிழமை வீக்கம் இறங்காமல் ஏறினால் மட்டும் அவள் மலைக்கன்றி வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும். லயத்தில் கூடுகின்ற அயலாரும் இந்தக் கணக்கை அறிந்திருந்தால், அவர்களுடைய யோசனையே அவளுக்கு முதல் மருந்தாகிவிடும்.